முகத்தில் வந்த தண்ணீர்

ஃபினாயில் வாசனையும் மழையில் நனைந்த சாக்கு வாசனையும் சேர்ந்து வந்தால், எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிட்டுப் போகும்...

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரி. நான் அங்கே வார்டு கூட்டுகிறவன். நர்ஸ், கம்பவுண்டர் படிப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஒரு டாக்டரம்மா.

சொந்தக்காரர் இல்லாத பிணம் வந்தால் அவர் பிள்ளைகளைத் தொட விடமாட்டார். ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைக்கச் சொல்லி, தானே முட்டி போட்டு முதலில் காலைக் கழுவுவார். கழுவிக்கொண்டே மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இன்னொன்று. பிணம் கழுவுகிற அந்த அறையில் யார் "ருக்கோ" என்றாலும் எல்லோரும் கையை நிறுத்த வேண்டும். கூட்டுகிறவன் சொன்னாலும்தான். நான் சொன்னதே இல்லை... சொல்ல நான் யார்?

ஒரு மழை நாள். மத்தியானமே இருட்டிக் கிடந்தது. ரங்கத் பக்கம் மரம் வெட்டுகிற, சொந்தம் என்று யாருமில்லாத மாயழகு என்பவரைப் படகில் கொண்டுவந்தார்கள். பாம்புக்கடி. டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார், இறந்துவிட்டார் என்று சொல்லி எழுதினார்.

நான் தலைமாட்டில் அரிக்கேன் பிடித்து நின்றேன். அவர் கால்மாட்டில்.

"மாயழகு..."

தகரக் கூரையில் மழை கொட்டியது.

"மாயழகு..."

மூடிய கண்ணோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. துண்டால் துடைத்தேன்.

"மாயழகு..."

மறுபடி வந்தது.

நனைந்தது கால்தான். முகத்தில் இன்னும் தண்ணீரே படவில்லை.

எப்படியோ சொல்லிவிட்டேன். "ருக்கோ!"

படிக்க வந்த பிள்ளைகளில், லம்பா லைன் பகுதிப் பையன் ஒருவன் சிரித்தான். "அரே சுப்பையாண்ணே, பொணத்தப் பாத்து டர் ஆயிடுச்சா?"

"சும்மா இருப்பா. அண்ணே, என்ன பாத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அழுவுறாரும்மா."

அவர் மாயழகின் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. "லேசா அடிக்குது. விஷம் உடம்பக் கட்டிப்போட்டிருக்கு, உசிரு இருக்கு" என்றார். உடனே வாயோடு வாய் வைத்து ஊத ஆரம்பித்தார். பிறகு பிள்ளைகள் முறைபோட்டு, மறுநாள் மத்தியானம் வரை ஊதினார்கள். சிரித்தவனும் ஊதினான்.

மூன்றாம் நாள் மாயழகுக்குப் பேச்சு வந்தது.

"எல்லாம் கேட்டுச்சுண்ணே. மழை, படகு, செத்துட்டான்னு சொன்னது... கத்துறேன், வாய் வரல. அந்தம்மா பேரச் சொன்னதும் அழுக மட்டுந்தான் வந்துச்சு."

அந்த வாரம் டாக்டரம்மா என்னை வகுப்பில் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றார்.

"செத்துட்டார்னு எழுதினது நான். தப்பு என்னோடது. கண்டது இவரு. எப்படிப் பாத்தாருன்னு கேட்டுக்குங்க."

பிள்ளைகள் கேட்டார்கள், நான் சொன்னேன். ஆனால் எனக்குள் வேறொன்று ஓடியது. டாக்டரம்மா வருவதற்கு முன்னால் பிணமென்று நான் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்... அவர்கள் முகத்தை யார் பார்த்தது?

இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பச்சைக் கோடு ஓடுகிற பெட்டிகள், நல்ல வெளிச்சம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டுகிற பெண் மட்டும் தலைகுனிந்தே போகிறாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த வருஷம்தான் எழுதப் படித்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்து எழுதிய சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது:

'முதலில் காலைக் கழுவுங்கள். சுப்பையா என்று மூன்று தடவை கூப்பிடுங்கள். அதுவரை யாரும் என் முகத்தைத் துடைக்க வேண்டாம்.'