பூனை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்

பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். கண்ணாடி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, என் தங்கச்சியே சிரித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரம்மாவைக் கேட்க வேண்டும். அதனால் பிள்ளையார்பாளையத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்றதும் நானும் என் கணவர் செந்திலும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒடுங்கி நீண்ட ஓட்டு வீடு, பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, சுவரெல்லாம் ஓதம் ஏறி உப்பிப்போயிருந்தது. தரகர் உள்ளேகூட வரவில்லை. "கட்டடத்த பாக்காதீங்கம்மா, அது சைபர். மனைய பாருங்க. இடிச்சிட்டு உங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கினு போங்க" என்றார். விற்றவர் சென்னைவாசி, அவரும் அதையேதான் சொன்னார். நாங்களும் மனைக்குத்தான் விலை பேசினோம். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டை யாரும் விற்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை, அது பாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

இடிக்கிற அன்று காலையிலேயே நல்ல வெயில். கதவு, ஜன்னல் எல்லாம் முன்பே கழற்றியாகிவிட்டது. பொக்லைன் வாசலில் வந்து நின்றதும், பூனை எதுவும் உள்ளே குட்டி போட்டிருக்குமோ என்று தோன்றி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கூடத்தில் நின்று, பழக்கதோஷத்தில் "உள்ள யாரு?" என்று கேட்டேன், பூனையைத்தான்.

"இரும்மா, வரேன்."

பொம்பளைக் குரல், கடைசி அறையிலிருந்து. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலை முடிகிறவள் பேசுவாளே, அந்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்து அம்மா யாரோ எதையோ எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நின்றேன், நின்றேன், யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அறை காலி. மூன்று பக்கமும் சுவர், என்னைத் தாண்டாமல் வெளியே போக வழியே இல்லை.

வந்து சொன்னதும் செந்திலுக்குக் கோபம். "இன்னா விளையாட்றியா? வண்டி சும்மா நின்னுக்கினு இருக்குது."

"பொம்பள கொரலுங்க. என் காதால கேட்டேன்."

பொக்லைன் ஓட்டுகிறவர் வாலாஜாபாத்காரர், வயசானவர். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். "உள்ள ஆள் இருக்குதுன்னு ஒரு வார்த்த வந்துட்டா நான் கை வெக்க மாட்டேன் சார். ஒருவாட்டி பாத்துட்டு வந்துடுங்க."

செந்தில் விறுவிறுவென்று போய்க் கடைசி அறைவரை பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது வாசற்படிக்குப் பக்கத்தில் நடையில் நின்று, "ஒரு ஈ காக்கா இல்ல, வந்து பாரு" என்று கத்தினார். நானும் டிரைவரும் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கத்தி முடித்தவர் சட்டென்று சுவரோடு ஒட்டி ஒதுங்கினார், குறுகலான நடையில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவோமே, அப்படி. ஒதுங்கி, படிப் பக்கமாக ஒரு கையை நீட்டினார். நீட்டின கை பாரம் ஏறின மாதிரி லேசாகத் தாழ்ந்து, மறுபடி எழுந்தது.

என் பக்கத்தில் நின்ற டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான், வீடு காலியாகிவிட்டது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். "இப்ப இடிங்கண்ணா" என்றேன். அவர் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். சாயங்காலத்துக்குள் மண்மேடாகிவிட்டது.

மனசு கேட்காமல் விற்றவருக்குப் போன் போட்டேன். "அந்த வூட்ல யாரும் சாவலம்மா, எங்க ஆளுங்க எல்லாம் ஆஸ்பத்திரிலதான் போய்ச் சேந்தாங்க" என்று சிரித்தார்.

இப்போது அதே மனையில் புது வீடு கட்டிக் குடியிருக்கிறோம். ஒரு சத்தம் இல்லை, ஒரு தொந்தரவு இல்லை. அந்த "வரேன்" மட்டும் சில சமயம் சமையல் செய்யும்போது ஞாபகத்துக்கு வரும். உள்ளேயிருந்து வருகிறவளும் வரேன் என்பாள், விட்டுப் போகிறவளும் வரேன் என்பாள். அந்த அம்மா என்னிடம் சொன்னது எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செந்திலை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "நான் எங்க ஒதுங்கினேன்? ஒட்டட மூஞ்சில பட்டுச்சி, தட்டி விட்டேன், அவ்ளோதான்" என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம். ஆனால் நான் பார்த்தேனே. ஒட்டடை தட்டுகிறவர் உள்ளங்கையை மேல்பக்கமாக விரித்தா நீட்டுவார்?