தூக்கினால் வந்துவிடும் பந்தல்

காலை ஆறரைக்குப் பெரம்பலூரிலிருந்து கிளம்பினோம். மினி வேனின் பின்னால் என் மடக்குப் பந்தல்: அலுமினியக் கால்கள், துணிக் கூரை, குழி தோண்டாமலே நிற்கும். ஊர் ஊராகப் புத்தகக் கண்காட்சி நடத்தும் வசந்தா மேடம் மாலை நாலு மணிக்குத் திருமானூர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் அவர் போகிற ஊருக்கெல்லாம் என் பந்தல்தான். பிடிக்காவிட்டால், இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழுத எனக்கு வீட்டில் சோறு கிடைப்பதே சந்தேகம்.

அரியலூர் வரை சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்தோம். நானும் டிரைவர் செல்வமும் வெள்ளையடித்த சுவர் போல ஆகிவிட்டோம். கீழப்பழுவூரில் முகம் கழுவி டீ குடித்தோம். பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தாராளம்.

திருமானூர் மைதானத்தில் பதினொரு மணிக்குப் பந்தல் நிமிர்ந்து நின்றது. பத்தே நிமிட வேலை. பெருமை தாங்காமல் சாப்பிடப் போனோம், வேனிலேயே ஒரு தூக்கமும் போட்டோம்.

திரும்பி வந்தால் பந்தலைக் காணோம்! பாட்டுச் சத்தம் கேட்ட தெருவுக்குள் ஓடினோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது என் பந்தல், கால்களில் வாழைமரம் கட்டிக்கொண்டு! அதன் நிழலில் நிச்சயதார்த்தம் முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

பெண்ணின் தாய்மாமன் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க சார். பந்தல்காரன் கடைசி நேரத்துல கைய விரிச்சுட்டான். இது சும்மா நின்னுச்சு. தூக்குனோம், பூ மாதிரி வந்துடுச்சு."

பூ என்றதும் கோபத்திலும் கொஞ்சம் குளிர்ந்துவிட்டேன். வெட்கக்கேடு.

"சரி, பிரிச்சு எடுத்துட்டுப் போறேன்."

"ஐயய்யோ! நல்ல காரியம் நடந்த பந்தல அன்னைக்கே பிரிப்பாங்களா? மூணு நாளு நிக்கணுங்க."

மணி மூன்றேமுக்கால். செல்வம் குறுக்கே புகுந்தான். "பிரிக்கத்தானே கூடாது? தூக்கலாம்ல?"

மாமன் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டி முதல் காலை அவரே பிடித்தார்.

வாழைமரம் ஆட ஆட, பந்தல் பஸ் போகிற ரோட்டில் மைதானத்தை நோக்கி நடந்தது. எதிரே மேடத்தின் கார் வந்து நின்றது. நான் கூரைக்கடியிலிருந்து கும்பிட்டேன். "எங்க வேணும்னாலும் கொண்டு போலாம்னு சொன்னேன்ல மேடம்!"

கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இன்னும் கொஞ்சம் கனமாச் செய்யுங்க சார். இல்லன்னா ஊருக்கு ஊர் பந்தலத் தேடிக்கிட்டே அலையணும்."

மேடம் பார்த்து முடித்ததும் மாமனும் சொந்தக்காரர்களும் அதைத் திரும்ப வாசலுக்கே தூக்கிப் போனார்கள். ஊர் ஊராகப் போகவென்று செய்த பந்தல் மூன்று நாளைக்குத் திருமானூரில் தங்கிவிட்டது. காலி வேனில் நாங்கள் பெரம்பலூர் திரும்பினோம். கிளம்பும்போது தையில் கல்யாணம் என்று எங்களையும் அழைத்தார்கள். பந்தலையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.