பெருநாளுக்குப் பிறகும் தொடர்ந்த நோன்பு

பெருநாள் முடிந்த பிறகும் என் மனைவி ரஹ்மத் நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரமலானை அடுத்து ஆறு நோன்பு வைப்பது எங்களில் வழக்கம்தான். பெரியகுளத்திலிருந்து மகள் போனில் கேலி செய்தாள்: "அம்மா ஆறு நோம்பும் வச்சுட்டாகளாமே. நீங்க எத்தன வச்சீக அத்தா?"

அந்த ஆறும் முடிந்தன. அப்போதும் தட்டைத் தள்ளினாள்.

"நோம்புக்காரிக்குச் சோத்தக் கொண்டாறீகளே. பசிச்சா நீங்க ஒளிஞ்சு தின்னுங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

அவளுக்கு மறதி நோய் (மூளை சிறிது சிறிதாகச் சுருங்கி, நினைவும் காலக் கணக்கும் அழிவது) என்று முந்திய வருடமே மதுரையில் சொல்லியிருந்தார்கள். நீரிழிவும் இருந்தது. ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரமாகும். கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், துப்புவாள், என் கையைத் தட்டிவிடுவாள். ஆனால் அந்தியில் மஃரிபு பாங்கு சொன்னதும் கஞ்சியைத் தன் கையாலேயே குடித்தாள். பகல் முழுவதும் எனக்கு மிச்சமாயிற்று.

அதனால் விட்டுவிட்டேன். அவளுடைய நம்பிக்கையை, ஈமானை மதித்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு ஓய்வு வேண்டியிருந்தது.

ரமலானில் சர்க்கரை மாத்திரையை மாலைக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். பெருநாளோடு அதைப் பழையபடி காலைக்குக் கொண்டுவந்தேன். விடியுமுன் ஒரு வாய்ப் பாலோடு விழுங்குவாள். மாத்திரை என் நாட்காட்டிப்படி, சாப்பாடு அவள் நாட்காட்டிப்படி. நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன்.

ஒரு மதியம் வியர்த்துக் கிடந்தாள். தூக்கம் என்று நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன். மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினேன். மாலை அசர் தொழுகைக்கு எழுப்பியபோது எழவில்லை.

தேனியில் மருத்துவர் கேட்டார்: "மாத்திரை எப்பக் குடுத்தீங்க?"

"காலையில."

"சாப்பாடு?"

"நோம்பு வச்சிருந்தா" என்றேன். தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்து மூளை பட்டினி கிடப்பது) என்றார்.

"நோன்பு மாசத்துல மாத்திரைய ஏன் மாத்துறோம்னு தெரியுமாய்யா?"

"தெரியும்."



சில நாட்களில் கண் திறந்தாள். பேச்சும் விழுங்கும் திறனும் திரும்பவில்லை. மூக்கு வழியே குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா சாப்பிடாமக் கெடந்தாகன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வந்து ஊட்டியிருப்பேன்ல அத்தா."

இதே நிலையில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், களைத்துப்போனால் களைத்தேன் என்று யாரிடமாவது சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

இப்போது கஞ்சியை வடிகட்டிக் குழாயில் விடுகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. துப்புவதில்லை, தட்டிவிடுவதில்லை. மீதிப் பொழுது அப்படியே நிற்கிறது. கஞ்சி இறங்கும்போது என் தாடை தானாக மெல்லுகிறது. அவள் வாய் அசைவதில்லை.