படிக்காமல் போட்ட கையெழுத்து

போன வாரம் திருநின்றவூரில் எங்கள் அடுக்கக வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். அங்கன்வாடியில் வேலை. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அவரை வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள். "ஏ பிளாக்ல யாரு சார் இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். மூன்று வருஷமாக அங்கே குடியிருக்கிறேன், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் குடிப்பதற்காகப் பட்டியலை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் ஜெராக்ஸ் எடுத்திருப்பார் போல, தாளில் சூடு இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனேன். அந்த அம்மா பார்த்துவிட்டார்.

என்ன செய்ய, அந்த வாசனை எனக்கு மண்ணூர்பேட்டை. அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலை முடிந்ததும் எண்ணெய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு கட்சி வேலைக்குப் போவேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பூத் ஏஜென்ட். வாக்குச்சாவடிக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்கிற வேலை. போஸ்டரில் ஒரே ஒருமுறை என் முகம் வந்தது, கடைசி வரிசையில். அதையும் மறுநாள் ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது.

அதே பெஞ்சில் எதிர்க்கட்சிக்காக உட்காருகிறவர் தனக்கோடி. ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. தேர்தலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு, ரேஷன் கடையிலிருந்து பட்டியலோடு கிளம்புவோம். என் கட்சி கொடுக்கிற பிரதியில் பாதிப் பக்கம் மசியாக இருக்கும் என்பதால் அவருடையதைத்தான் ஜெராக்ஸ் போட்டுக்கொள்வேன். இறந்தவர்கள், ஊரைவிட்டே போனவர்கள் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு. நீக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பது அந்தப் பெயர்களை மட்டும்தான். இரண்டு பேரும் தலையாட்டினால்தான் கோடு. ஒருவர் மறுத்தாலும் பெயர் நிற்கும்.

"இவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சே?" என்பேன்.

"துபாய்க்குப் போய்கீறான் நைனா. ஊடு இங்கதான கீது? வுடு."

அந்தத் துபாய்க்காரன் என் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். அது எனக்கும் தெரியும், தனக்கோடிக்கும் தெரியும்.

ஒருமுறை இருவரும் சேர்ந்தே கோட்டைவிட்டோம். மூலைவீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பிக் கோடு போட்டுவிட்டோம். துக்கம் விசாரிக்கலாம் என்று கதவைத் தட்டினால் அவரே திறந்தார், வாயில் பிரஷ்ஷோடு. தனக்கோடி பட்டியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு..." என்று நான் உளறினேன். பெரியவர் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னாடா, ரெண்டு கட்சியும் ஒண்ணா சேந்துகினு என்னிய அனுப்சிட்டீங்களா?" அவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, ரப்பர் வாங்கக் கடைக்கு ஓடினோம்.

வாக்குப்பதிவு அன்று எந்தக் கட்சியின் பொட்டலம் முதலில் வருகிறதோ, அதைப் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவோம். அவர்கள் பிரியாணி எங்களுடையதைவிட நன்றாக இருக்கும். இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் எப்படி மாறியது என்று இன்றுவரை குடைந்துகொண்டே இருக்கிறேன். நான் எந்த நாளில் மாறினேன்? அப்படி ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. எங்கள் வட்டத்துக்குப் புதுச் செயலாளர் ஒருவர் வந்தார். சுறுசுறுப்பான ஆள், கணீரென்ற குரல். அதுவரை கூட்டங்களில் எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்வோம். அவர் கிண்டலை நிறுத்தினார். அவர்கள் ஜெயித்தால் நாடே போச்சு என்றார். கொஞ்ச நாளில், அவர்களுக்கு விழுவதெல்லாம் கள்ள ஓட்டு என்றார். கைபேசியில் ஒரு குழு ஆரம்பித்தார். காலையில் எழுந்தால் செய்திகள் குவிந்திருக்கும், எல்லாவற்றிலும் யாரோ நம்மை ஏமாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன பயன்? பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஒரு பீஸைக்கூட வெளியே விடமாட்டேன். அந்தச் செய்திகளை மட்டும் ஒன்றையும் அளக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பினேன். கோபமாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த வருஷமும் தனக்கோடி கூப்பிட்டார். "இட்லி துன்னுட்டியா நைனா? கெளம்பலாமா?" உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். எதிரியோடு தெருவில் சுற்றக் கூடாது என்பது செயலாளரின் உத்தரவு.

அதே வாரம் செயலாளர் ஒரு கட்டுப் படிவங்களோடு வந்தார். இன்னார் இந்த முகவரியில் இல்லை, பெயரை நீக்குங்கள் என்று கேட்கிற படிவம். பெயர் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க நிரப்பிக்கிறோம். ஜனநாயகத்தக் காப்பாத்தணுமா, வேணாமா?" காப்பாற்றாமல் விடுவேனா? டீக்கடை பெஞ்சில் வைத்துப் போட்டேன். நடுவில் பேனா தீர்ந்துபோய், பக்கத்துக் கடையில் இன்னொன்று வாங்கி வந்து போட்டேன்.

வாக்குப்பதிவு நாள். மத்தியானம் லோகநாயகி வந்தார். எஸ்டேட்டில் பேக்கிங் வேலை, அன்றும் லீவு விடாத கம்பெனி, வேலைக்கு நடுவே பர்மிஷன் கேட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார். எங்கள் தெருதான், என் மனைவிக்குச் சிநேகிதி. யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்றார். கடைசி நேரத்தில் வந்த திருத்தத்தில், குடிமாறியவர் என்று அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். அந்த வருஷம் அவர் கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு மாறியிருந்தார், அவ்வளவுதான். விசாரணைக்கு வந்த கடிதம் பழைய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

"இன்னாண்ணா இது? இத்தினி வருசமா இங்கதான போட்டுகினு கீறேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் எழுந்து சத்தம் போட்டேன். "இவங்கள எனக்கு நல்லாத் தெரியும் சார், எங்க தெருதான்!" அதிகாரி, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். உண்மையிலேயே எனக்குக் கோபம். இது எதிர்க்கட்சி செய்த வேலையாக இருக்கும் என்றுகூட மனதில் ஓடியது, பக்கத்திலேயே தனக்கோடி உட்கார்ந்திருக்கும்போது. லோகநாயகி அழவில்லை. மையில்லாத விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பிப் போனார்.

தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் தனக்கோடி என் வீட்டுக்கு வந்தார். லோகநாயகி பெயரை நீக்கச் சொன்ன படிவத்தின் நகல் கையில் இருந்தது, தேர்தல் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கியது.

"இது உன் கையெழுத்தா நைனா?"

"ஆமா."

"அவ பேர பட்ச்சிட்டா போட்ட?"

"இல்ல. வெத்துப் பாரத்துல போட்டேன்."

"பட்ச்சிட்டுப் போட்டிருந்தா அவ மேல கோவம்னு நெனச்சிக்குவேன். இத்த இன்னான்னு நெனைக்க?" நகலை வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

லோகநாயகியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெயரைச் சேர்க்க அவரோடு அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் யார் பெயர் என்று தெரியாமல் கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். "உங்க மேலயே நடவடிக்கை வரலாம், யோசிச்சுக்குங்க" என்றார் அங்கிருந்தவர். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த பட்டியலில் லோகநாயகி பெயர் திரும்ப வந்தது. கட்சியில் என் பெயர் போனது. குழுவில் என்னைத் துரோகி என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியவன், குறை சொல்ல வாயில்லை.

அப்போது இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். நான் போட்டது ஒரு கையெழுத்து இல்லை, ஒரு கட்டு. மற்ற படிவங்களில் யார் யார் பெயர் என்று அலுவலகத்தில் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள். தைரியம் வரவில்லை. வருஷங்கள் கழித்துக் கேட்டபோது பழைய தாள்களையெல்லாம் கழித்தாகிவிட்டது என்றார்கள்.

இப்போது அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை நடை கிடையாது என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் செயலி, தனித்தனிப் பட்டியல். பெஞ்சில் அவரவர் பொட்டலத்தை அவரவர் பிரிக்கிறார்கள். தனக்கோடி நசரத்பேட்டைப் பக்கம் குடிபோய்விட்டார்.

அந்த அங்கன்வாடி அம்மா போன பிறகு தனக்கோடிக்கு போன் செய்தேன். எடுத்தார். "நல்லா கீறீங்களா சார்?" என்றார். நைனா இல்லை. புதிய பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அதில் இல்லாதவரைக் கண்டுபிடிக்க முடியாது, அங்கே யார் இருந்தார்கள் என்று அறிந்த ஒருவர் வேண்டும். அந்தத் தெரு முழுக்க அவருக்கு மனப்பாடம். அந்த வருஷம் வேறு யார் யார் பெயர் போனது என்று அவரிடம் கேட்டேன்.

"அந்த வருசம் நான் தனியாதான நடந்தேன், எனக்கு இன்னா தெரியும்?" என்றார். "கையெழுத்து போட்டவரு நீங்க. நீங்கதான சொல்லணும்?"

அவர் போனை வைக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். சொல்வதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.