சுராயா போட்ட சிஸ்டம்

ஊரப்பாக்கம் சுராயாவுக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. அதை மறைத்து எழுதினால் அவளே நம்பமாட்டாள். பி.சி.ஏ. முடித்த கையோடு கல்யாணம், பிள்ளைகள், பள்ளிக்கூட வேன் என்று காலம் ஓடிப்போனது. பிள்ளைகள் தாங்களே தலை வாரிக்கொள்ளும் வயசு வந்ததும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பயிற்சி மையத்தில் ஜாவா படிக்கச் சேர்ந்தாள். வெப்சைட்டின் முகத்தை அலங்கரிக்கிற படிப்பு அல்ல. பின்னால் சர்வரில் உட்கார்ந்து பெரிய கம்பெனிகளின் வேலையைப் பார்த்துக்கொள்கிற புரோகிராம் எழுதும் படிப்பு. வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். பாதிப் பாடம் முடிவதற்குள் அக்காவுக்குக் கை துறுதுறுத்தது.

அண்ணன் நௌஷாத்துக்குப் பொத்தேரியில் பிரியாணிக் கடை. ஹாஸ்டல் பிள்ளைகள்தான் வாடிக்கை. அந்தக் கடைக்கு அவள் ஒரு சிஸ்டம் எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகள் போனில் ஆர்டர் போட்டால் யாருக்கு என்ன என்று சமையல்கட்டுத் திரையில் வரும். பார்சல் கட்டுகிற சதாசிவம் அதைப் பார்த்துக் கட்டி, பையின்மேல் பெயர் எழுதிவிட்டுத் திரையைத் தொட்டால் அந்த ஆர்டர் மறைந்துவிடும். வீட்டில் தன் போனிலிருந்து எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அச்சுப் பிசகாமல் ஓடியது. "என் தங்கச்சி போட்டது" என்று நௌஷாத் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லித் தீர்த்தான்.

கடையில் மதிய இடைவேளைதான் வினையாக வந்தது. நாலாபக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஆர்டர் விழும்போது பார்சல்கள் மாறத் தொடங்கின. முட்டை கேட்டவனுக்கு மட்டன் போனால் அவன் வாயைத் திறக்கவே இல்லை, சாப்பிட்டுவிட்டான். ஆனால் காளான் பிரியாணி கேட்ட சிநேகா சுத்த சைவம். ஒரு வாய் வைத்த பிறகுதான் கோழி என்று தெரிந்தது. அழுதுகொண்டே கடைக்கு வந்தாள்.

"திரையில அப்டிதான் வந்துச்சு நைனா. அந்தப் பொண்ணு பேரு, சிக்கன்னு போட்டு" என்றார் சதாசிவம்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாண்ணே? உன் கண்ணு அவுட்டு!" என்று கத்தினான் நௌஷாத். பிறகு, கடைக்கு வந்திருந்த தங்கையைப் பார்த்தான்.

"நான் நல்லா டெஸ்ட் பண்ணிட்டேன். சிஸ்டம் கரெக்டாதான் கீது" என்றாள் சுராயா. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பெருமைதான் முந்திக்கொண்டு பேசியது. ஐம்பது வயதைத் தாண்டிய சதாசிவம், தன் மகளைவிடச் சின்னப் பெண்ணான சிநேகாவின் முன்னால் கைகூப்பி நின்றார்.

அடுத்த வாரமே வகுப்பில் குட்டு உடைந்தது. பாடம் எடுத்த ஜெனிஃபர் சொன்னாள்: "சர்வர்ல ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான், கவுன்டர்ல ஒரே கிளார்க் மாதிரி, வர்ற எல்லாருக்கும் பதில் சொல்லும். வர்றவங்க பேர அதுக்குள்ள பொது எடத்துல எழுதிவெச்சா, அடுத்த ஆளு வந்து அதுமேலயே எழுதிடுவாரு. நீங்க ஒருத்தரா டெஸ்ட் பண்ணா சூப்பரா ஓடும். கூட்டம் வந்தா, இவரு சாப்பாடு அவருக்குப் போயிடும்!"

வகுப்பே சிரித்தது. சுராயா முகத்தில் ஈயாடவில்லை. ஆர்டர் போடுகிறவர் பெயரை அவள் வைத்திருந்தது அந்தப் பொது இடத்தில்தான்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெயரை ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக வைத்து எழுதினாள். நாலைந்து வரி வேலை. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பார்சல் மாறுவது நின்றுவிட்டால் பேச்சும் தானாக நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். இப்படிக் கோழைத்தனத்தைக் கெட்டிக்காரத்தனம் என்று நம்பப் படித்தவர்களால்தான் முடியும்.

பார்சல் மாறுவது நின்றது. ஆனால் அதே வாரம் சதாசிவம் கூடுவாஞ்சேரிக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"கண்ணாடி போட்டதும் பாத்தியா? ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல!" என்றான் நௌஷாத். சதாசிவம் வெட்கத்தோடு சிரித்தார். பிழையை அவள் சரிசெய்ததே, அவர் கண்மேல் போட்ட பழிக்குச் சாட்சியாக நின்றது.

நோன்பு வந்தது. சாயங்காலங்களில் கடைக்கு வந்து, நோன்புக் கஞ்சியை முதலில் சதாசிவத்துக்குத்தான் ஊற்றிக் கொடுப்பாள். அது அன்பு இல்லை, லஞ்சம் என்று அவளுக்கே தெரியும். ஒருநாள் தாங்கமாட்டாமல் அண்ணனிடம் சொன்னாள்.

"அதான் சரி பண்ணிட்டல்ல? இப்ப போயி சொன்னா கடை பேரு நாறிடும். உடு" என்றான் அவன். அவளும் விட்டுவிட்டாள். அண்ணன்மேல் பழியைப் போட்டுக்கொள்ள ஒரு வசதி கிடைத்ததே என்று உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

பெருநாளன்று கடையில் கூட்டம் நெரிந்தது. சுராயாவும் உதவிக்கு வந்திருந்தாள். சிநேகா தோழிகளுக்குப் பார்சல் வாங்க வந்திருந்தாள். சதாசிவம் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"அன்னிக்கி என் கண்ணு பண்ண வேலைம்மா. இப்ப கண்ணாடி போட்டுகினேன். மனசுல வெச்சிக்காத" என்று மறுபடியும் கைகூப்பினார்.

"கைய எறக்குங்கண்ணே!" சுராயாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. தப்பு நான் எழுதுனதுல. எல்லாரும் ஒரே நேரத்துல ஆர்டர் போட்டா திரையில பேரு மாறிடும். நீங்க பாத்தது சரி."

சதாசிவம் கூப்பிய கையை மெல்ல இறக்கினார்.

"இது எப்பம்மா உனக்குத் தெரியும்?"

"நோம்புக்கு முன்னாடியே."

"அப்ப தெனம் எனக்கு மொதல்ல கஞ்சி குடுத்தியே, அப்பல்லாம் தெரியுமா?"

"தெரியும்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுராயா அவர் காலில் விழுந்திருப்பாள். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். திரையில் அடுத்த ஆர்டர் வந்தது. அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு வாசலில் நின்ற சுராயாவைத் திரும்பிப் பார்த்து, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டார்:

"இது நெஜந்தானாம்மா? கட்டட்டுமா?"