கண்டக்டர் என் மடியில் வைத்த பை

எங்கள் ஊர் வழியாகக் காஞ்சிபுரம் போகிற தனியார் பஸ்ஸில் டிக்கெட் விலை ஏறியபோது முதலில் சண்டைக்குப் போனவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சீட்டு கிழிஞ்சி கெடக்குது, ஷட்டர் எறங்கல, மழை பேஞ்சா உள்ளயே கொடை புடிச்சிக்கினு வர்றோம். இன்னாத்துக்குய்யா ஏத்துனீங்க?" என்று கண்டக்டரைப் பிடித்துக் காய்ச்சினேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு வாரம் இதே பாட்டுதான்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு அரசு வேலைப் பரீட்சை. வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. காஞ்சிபுரத்தில் ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். உத்திரமேரூரைத் தாண்டியதும் பஸ் நின்றது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்து, ரோட்டை மூடிக்கொண்டு தண்ணீர் ஓடியது. முன்னால் போன கார்களெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் பேண்ட்டைத் தொடைவரை சுருட்டினார். காசுப் பையைக் கழற்றி நேராக என் மடியில் வைத்தார்.

"இத்த வச்சிக்கினு இருங்கக்கா. சண்டை போடறவங்க காசுல கை வைக்க மாட்டாங்க."

இறங்கி, டிரைவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடியிலும் காலால் ரோட்டைத் தடவித் தடவி நடந்தார். பஸ் அவர் பின்னாலேயே ஊர்ந்தது. டிரைவர் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. தூக்கியிருந்த அந்தக் கையைத்தான் பார்த்தார். ஓரிடத்தில் கண்டக்டரின் கால் சட்டென்று பள்ளத்துக்குள் போயிற்று. பஸ்ஸே "ஐயோ" என்றது. அவர் காலை உருவிக்கொண்டு, வலப்பக்கமாக வரச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மேலே நடந்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்று வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் வாயடைத்துப்போனதே எங்கள் ஊருக்கு அதிசயம்தான்.

மறுபக்கம் ஏறியதும் பையை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் தோளில் மாட்டிக்கொண்டார். கேட் மூட மூன்று நிமிடம் இருக்கும்போது மகள் உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் மழை விட்டு, தண்ணீர் வடிந்த பிறகு அதே பஸ்ஸில் திரும்பினோம். சீட்டு அதே கிழிசல்தான். அந்த விலை நியாயம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சேறு காய்ந்த பேண்ட்டோடு டிக்கெட் கொடுக்க வந்தவரிடம் கேட்டேன்.

"வெலைய ஏத்துனாங்களே, அதுல உனக்கு இன்னா குடுத்தாங்க தம்பி?"

"எனக்கா?" என்று சிரித்தார். "புது டிக்கெட்டு கட்டு குடுத்தாங்கக்கா. சம்பளம் அதேதான்."

அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஒரு வாரமாக இந்த மனுஷனிடமா கத்தினேன்!