கேசட் ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்திரி

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பயணம். இறங்கி நடந்துபோய், செருப்பைக் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் கழற்றிவிட்டு, மானிட்டருக்குப் போட்டிருந்த பூப்போட்ட உறையை எடுத்து மடித்து வைப்பதுதான் முதல் வேலை. அந்த ரூமில் ஏசி உண்டு. அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது, நமக்காக இல்லை என்பதை மேனேஜர் வாரம் ஒரு தரமாவது ஞாபகப்படுத்திவிடுவார். வெள்ளிக்கிழமையானால் மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறிவிடும்.

எங்கள் கணக்கருக்குக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. எதையாவது அழிக்கச் சொன்னால் அது உடனே செய்யாது. ‘நிச்சயமாகத்தானா?’ என்று கேட்டு, ஆம் இல்லை என்று பதில் சொல்லும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கணக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“ஏலே, அழிக்கத்தானே சொன்னேன்? பொறவு என்ன கேள்வி வேண்டிக் கெடக்கு? எம் பொண்டாட்டிகூட இம்புட்டு கேள்வி கேக்க மாட்டா” என்று திரையைப் பார்த்துக் கத்துவார்.

எனக்கு அந்த மெஷினிடம் பிடிக்காதவை நிறைய உண்டு. கரண்டு ஒரு நொடி கண்ணடித்தாலும் மத்தியானம்வரை அடித்தது மொத்தமும் போய்விடும். பிரிண்டர் பேப்பரை மென்று துப்பும். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் அந்தக் கரகர சத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும். சம்பளத்தைவிடச் சலிப்புதான் அதிகம் கொடுத்த வேலை அது. ஆனால் அந்த ஒரு கேள்வியின் மேல் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை. கேட்காமலே அழிக்கிற மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

அது அத்தா, அதாவது என் அப்பா, வளைகுடாவிலிருந்து முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த டேப் ரிக்கார்டர். எண்பதுகளில் எங்கள் தெருவில் ஆள் வெளிநாட்டில் இருந்த வீடுகளில் எல்லாம் அப்படி ஒன்று இருந்தது. அத்தாவுக்கு எழுத்து வராது. அம்மாவுக்கு வரும், ஆனால் எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும். அதனால் கேசட்டில்தான் பேசிக்கொண்டார்கள். அத்தா பேசி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்கள் கேட்போம், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்பார்கள். பிறகு அம்மா அதே கேசட்டில் அதன் மேலேயே பேசி, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். அத்தா கேட்டுவிட்டு மறுபடி அதன் மேல் பேசுவார். அது சிக்கனம் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. ஸ்லேட்டில் எழுதியதை அழித்துவிட்டு எழுதுவது மாதிரி, அதுதான் வழக்கம். வருஷக்கணக்காக இரண்டு பேரும் அப்படி ஒருவர் பேச்சை ஒருவர் அழித்துக்கொண்டே குடும்பம் நடத்தினார்கள்.

ஒரே ஒரு கேசட் மட்டும் தப்பியது. ஒரு பெருநாளுக்கு லீவு கிடைக்காமல் போனபோது அத்தா பேசி அனுப்பியது. முதல் பக்கத்தில் தன் ரூமைப் பற்றிச் சொல்லியிருந்தார். யார் எப்படிக் குறட்டை விடுகிறார்கள், அவர் வைத்த மீன் குழம்பை மலையாளத்துக்காரர் என்ன சொன்னார் என்று ஒரே கேலி. இரண்டாவது பக்கம் அம்மாவுக்கு மட்டும் பேசியது. அதைப் போட வேண்டுமென்றால் எங்களில் யாராவது பட்டனை அமுக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திவிடுவாள். வெளியே வரும்போது முகத்தைக் கழுவியிருப்பாள்.

“இதைத் திருப்பி அனுப்ப வேணாம், நீயே வச்சுக்க” என்று அத்தா முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்தே அனுப்பியிருந்தார். அதை உடைத்துவிட்டால் அங்கே ஓட்டை விழும். ஓட்டை விழுந்த கேசட்டில் பதிவு செய்ய முடியாது. எவ்வளவு அமுக்கினாலும் சிவப்பு பட்டன் கீழே இறங்காது. அம்மா அதைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அது அப்படியே இருந்திருக்கும், மாமா இல்லாவிட்டால்.

மாமா அம்மாவின் தம்பி. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். ஊருக்கு எந்த மெஷின் வந்தாலும் அதைப் பற்றி முதல் கருத்து அவருடையதாக இருக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் சட்னிக்கு ருசி போய்விடும், கலர் டிவி கண்ணைக் கெடுக்கும், குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு ஆயுசு கம்மி. அப்போது நான் காலேஜில் இருந்தேன், கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ராஜபாளையத்தில் யாரோ கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று மாமா போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் நின்றும் விட்டார். ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் பெரிய ஃபிளாப்பி ஒன்றைப் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமித்து வைக்கும், அட்டை மாதிரி வளையும் பழைய ஃபிளாப்பி அது. அதன் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் அழிக்க முடியாது.

ஒரு நாள் நான் போட்டுக் கொடுத்து அம்மா அந்தக் கேசட்டைக் கேட்டு முடித்தபோது மாமா வந்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்னக்கா இப்படித் தொறந்து போட்டு வச்சிருக்க? தொறந்து கெடந்தா ஆபத்துக்கா. மூடிட்டா பத்திரம். கிளாஸ்ல மொதப் பாடமே அதுதான்.”

“அவிய உடைச்சுல்லா அனுப்பியிருக்காக” என்றாள் அம்மா.

“மச்சானுக்கு என்ன தெரியும்? அவிய கம்ப்யூட்டர் படிச்சிருக்காகளா?”

பேண்டேஜ் நெய்கிற எங்கள் வட்டாரத்து வீடுகளில் காயத்துக்குப் போடுகிற துணிக்கும் பிளாஸ்திரிக்கும் என்றைக்கும் பஞ்சமிருக்காது. ஒரு துண்டு கிழித்து, இரண்டு ஓட்டையையும் அழகாக மூடி, விரலால் தேய்த்துக் கொடுத்தார். அம்மாவுக்குத் தம்பி மேல் ரொம்பப் பெருமை. கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது அவருக்கு. அதனால் அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

பிற்பாடு கம்பெனியில் சேர்ந்து சின்ன ஃபிளாப்பியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரிய ஃபிளாப்பியில் மூடினால் பாதுகாப்பு. சின்ன ஃபிளாப்பியில் ஓட்டை திறந்திருந்தால் பாதுகாப்பு. கேசட்டிலும் திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. இதையெல்லாம் செய்தவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்துப் பேசி முடிவு பண்ணியிருக்கக் கூடாதா? எவனோ எங்கோ அவனவன் இஷ்டத்துக்குச் செய்வான், நாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தியை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. எஸ்டிடி பூத் வந்து, கேசட்டில் பேசுவதே நின்று, டேப் ரிக்கார்டர் துணி போர்த்தி மூலையில் கிடந்த காலம் அது.

அப்புறம் அத்தா ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அங்கே வேலை செய்த இடத்தில் விழுந்திருந்தார். வாதம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. மதுரையில் காட்டினோம். நாம் சொல்வது அவருக்கு நன்றாகவே புரியும், வாயைத் திறந்தால் “ஆ” என்று ஒரு சத்தம்தான் வரும், இனி அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அம்மா அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள். வாழ்க்கை முழுக்க எங்கோ இருந்த மனுஷன் கடைசியில் வந்து சேர்ந்தார், பேச்சை அங்கேயே விட்டுவிட்டு. ஒரு நாள் துணி காயப்போடும்போது அம்மா என்னிடம் சொன்னாள், “திட்டினாக்கூடப் போதும் புள்ள. சோறு கொழஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை.” அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல் மட்டும்தான். அது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது டேப் ரிக்கார்டர் அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியா? மொதப் பக்கம் ஓடி முடிஞ்சுருச்சு, பேசவே மாட்டேங்குது. திருப்பிப் போட்டேன், இதுவும் அப்படித்தான் ஓடுது. மிஷின் கெட்டுப் போச்சா பாரு.”

பார்த்தேன். சிவப்பு பட்டனும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் கேட்பதற்கு பட்டன் அமுக்குவது எப்போதும் பிள்ளைகள் வேலை. அம்மாவின் வேலை பேசுவது. பேச வேண்டுமென்றால் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். அவள் கை அறிந்தது அது ஒன்றுதான். ஓட்டை திறந்திருந்தால் சிவப்பு பட்டன் இறங்கியிருக்காது, கேட்கிற பட்டன் மட்டும் இறங்கியிருக்கும், அத்தா பேசியிருப்பார். பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் மெஷின் ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் காத்திருந்த நேரம் முழுவதும் அவர் குரலை அழித்துக்கொண்டே ஓடியது.

ஓடிப்போய் நிறுத்தினேன். சுருளில் ஓடாத டேப் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நான் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. “அம்புட்டும் போச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா வேறு வந்து நின்றார். என்ன ஏது என்று கேட்டவர், “எதுக்கும் போட்டுப் பாரேன், ஏதாவது நிக்கும்” என்றார். இரண்டாவது பக்கத்தை முதலில் இருந்து போட்டேன்.

பாத்திரச் சத்தம். காக்கை. தெருவில் ஒரு சைக்கிள் மணி. அப்புறம் அம்மாவின் குரல்: “என்னங்க, இதுலயும் சத்தத்தைக் காணோம். செத்த நேரம் இருங்க, வரும்.” பிறகு மெதுவாக, தனக்குத்தானே பேசுவது மாதிரி: “இந்நேரம் நீங்க பேச ஆரம்பிச்சிருக்கணும். ‘புள்ள, கதவைச் சாத்திட்டியா’ம்பீங்க. பொறவு, ‘நான் மொட்டை மாடியில உக்காந்து பேசுதேன், ரூம்ல எல்லாரும் இருக்கானுவ’ம்பீங்க. ‘உன்னையக் கட்டிட்டு வந்து கூட இருந்த நாளையெல்லாம் கூட்டினா ஒரு வருசம் தேறாது, உனக்கு நான் என்ன செஞ்சேன்’னு கேப்பீங்க. அதைக் கேட்டு நான் எத்தனை தடவை அழுதிருப்பேன். பொறவு இருமுவீங்க…”

ஒரு வார்த்தை விடாமல் அவளுக்கு மனப்பாடம். மெஷின் பேசாததால், மெஷின் சொல்ல வேண்டியதை எல்லாம் அவளே அவருக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அது பதிவாகிறது என்று தெரியாமல். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டிய பக்கம் அது.

கடைசியில் நான் வீட்டுக்குள் வரும் சத்தம். டக்கென்று ஒரு வெட்டு. அதற்கப்புறம், நான் நிறுத்தியதால் தப்பித்த இடத்தில், இரைச்சலுக்கு நடுவே அத்தாவின் குரல்: “…காஸ் அடுப்புக்கு வாசர் மாத்தச் சொன்னேனே, மாத்திட்டியா? நாளைக்கு நாளைக்குன்னு இருக்காத. சரி, டேப்பு முடியப் போவுது.” கேசட் முடிந்து நின்றது.

அம்மா சிரித்துவிட்டாள். “அம்புட்டையும் அழிச்சிட்டு வாசரை மட்டும் விட்டு வச்சிருக்கு பாரு.” சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள்.

அத்தா இடது கையை நீட்டினார். கேசட்டைக் கேட்கிறார் என்று புரிந்து எடுத்துக் கொடுத்தேன். மார்பின் மேல் வைத்து, அதன் முதுகைத் தடவி, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பழைய பிளாஸ்திரி, இறுகிப் போயிருந்தது.

“என்ன மச்சான் செய்யுதீங்க? அதைப் பிச்சா மிச்சமும் அழிஞ்சுரும்” என்று மாமா பதறிக்கொண்டு கையை நீட்டினார். அத்தா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“நான் பிய்க்கட்டுமா அத்தா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ரொம்ப நேரம் ஆனது. ஒரு ஓட்டையைத் திறந்தார், பிறகு கேசட்டைத் திருப்பி மற்றதையும் திறந்தார். துடைத்து அம்மாவின் கையில் கொடுத்து, அவள் விரல்களை அதன் மேல் மடக்கி மூடினார்.